நெட்டையன் ஏன் சிரித்தான்

உங்கள் தலைக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருக்கிறீர்கள், சார். 'அமைதி காக்கவும்' என்று. எழுதியவர் ஓரத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். இடம் போதாது என்பது பாதி வழியில்தான் தெரிந்திருக்கிறது. கடைசி எழுத்தை, பஸ்ஸில் கடைசியாக ஏறியவனைப் போல நெருக்கி நிறுத்தியிருக்கிறார். வந்து உட்கார்ந்ததிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. போர்டு எழுதிப் பழகியவனுக்கு எந்தச் சுவரைப் பார்த்தாலும் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நகர மன்றத் தலைவியின் அலுவலக ஷட்டரில் அந்த வார்த்தைகளை எழுதியது யார் என்று ஆஸ்பத்திரியில் நெட்டையனை விசாரித்தபோது, அவன் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டுச் சிரித்தானாம். இரண்டு கைகளிலும் கட்டோடு படுத்திருப்பவன் ஏன் சிரிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். உங்கள் உதவியாளர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாராம். திமிர் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். ஆனால் அதை மட்டும் தனியாகச் சொன்னால் விளங்காது. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

நானும் அவனும் இளவட்டமாக இருந்தபோது ஒரே போர்டுக் கடையில் வேலை பார்த்தவர்கள். அவன் இந்த ஊர்க்காரன். முப்பாட்டன் காலத்திலிருந்தே இங்கேதான். நாங்கள் அப்படியில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் என்பது எங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் சேர்ந்த புதிதில் ஒரு மருந்துக்கடைக்காரர், தன் பலகையை நான் தொடக்கூடாது என்றார். என்னைக் குறிப்பிட, எங்களுக்கென்றே வைத்திருக்கும் அந்த வார்த்தையைச் சொன்னார். அது என்ன வார்த்தை என்பது உங்களுக்கே தெரியும், ஷட்டரின் போட்டோ உங்கள் மேஜையில் இருக்கிறது. நெட்டையன் பிரஷ்ஷை டப்பாவில் போட்டான். அவன் தொடாத பலகையை நானும் தொடமாட்டேன், வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். முதலாளி அன்று எங்கள் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். நெட்டையனைக் கொஞ்சம் கூடுதலாக. அவன் பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு பிரஷ் கழுவினான்.

எங்கள் பாஷையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். வழக்கம்போல முதலில் கெட்ட வார்த்தைகள், பிறகு சாப்பிட்டியா, வா, போ, கதவைத் திற, இப்படி. 'மச்சான்' என்ற வார்த்தை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எங்கள் ஆட்களைத் தவிர என்னை மச்சான் என்று கூப்பிட்ட ஒரே மனிதன் அவன்தான். என் கல்யாணத்துக்கு வரவேற்புப் பலகை எழுதியதும் அவனே.

அவனிடம் ஒரு குறை உண்டு. பொய் வராது. சொல்ல முயற்சி செய்வான், ஆனால் பாதியில் சிரித்துவிடுவான். 'பலகை காஞ்சிடுச்சா' என்று முதலாளி கேட்பார். காய்ந்திருக்காது. நான் காய்ந்துவிட்டது என்பேன், கண் இமைக்காமல். இவன் காய்ந்துவிட்டது என்று சொல்லிக் 'களுக்'கென்று சிரிப்பான். இரண்டு பேருக்கும் திட்டு விழும். எத்தனையோ தடவை அவனைப் பழக்கிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவன் பொய் சொன்னான். ஷட்டரில் எழுதியது யார் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். எழுதியது நான்.

இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நான் ஏதோ கெடுமதி பிடித்தவன் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நகர மன்றத் தலைவியை இன்று ஊரே அக்கா என்று கூப்பிடுகிறது. எங்களில் முதன்முதலாகத் தேர்தலில் நின்றவர் அவர். அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் பெயரைச் சுவர் சுவராக எழுதியது நான். விடிந்து பார்த்தால் பெயர் மேல் தார் பூசியிருக்கும். மறுபடி வெள்ளையடித்து மறுபடி எழுதுவேன். எழுதும்போதே பின்னாலிருந்து காறித் துப்பிவிட்டுப் போவார்கள். இதெல்லாம் கட்டுக்கதை இல்லை, சார். என் சட்டையில் விழுந்த எச்சில். நெட்டையன் லீவு நாட்களில் வந்து, கோடு போடும் நூலின் மறுமுனையைப் பிடிப்பான். அக்கா இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை ஜெயித்தார். ஜெயித்த அன்று பெயின்ட் படிந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என் கூடப் பிறக்காத தம்பிடா" என்றார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அந்த வார்த்தை என்னை என்ன செய்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு நான் அவருடைய செயலாளர் ஆனேன். அறிக்கை, பேச்சு, பேட்டிக்குப் பதில், எல்லாம் என் கையால்தான். நெட்டையன் நகர மன்றத்தின் பராமரிப்புப் பிரிவுக்குப் போனான். வாடகைக் குடியிருப்புகளில் 'வெளியேறும் வழி' என்று அம்புக்குறி போட்டு எழுதுவது, மாட்டுவது, போகப் போக அங்கேயே மேற்பார்வையாளர். அந்தக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் முக்கால்வாசி எங்கள் ஆட்கள்.

அக்காவுக்குக் கூடப் பிறந்த தம்பியும் ஒருவர் உண்டு. சின்னவர் என்போம். சோபா விற்றுக்கொண்டிருந்தார். கடை படுத்துவிட்டது. படுத்த கையோடு, தீ அலாரம் மாட்டும் கம்பெனி ஒன்று ஆரம்பித்தார். குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் அலாரம் மாட்டும் டெண்டர் அவருக்கே கிடைத்தது. போட்டிக்கு வந்த மற்றவர்களை ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிவிட்டார்கள். எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அது நியாயமா பொறாமையா என்று எனக்கே பிடிபடவில்லை. கூடப் பிறந்தவனுக்கும் கூடப் பிறக்காதவனுக்கும் உள்ள வித்தியாசம் அன்றுதான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் நெட்டையன் என் அறைக்கு வந்து, ஒரு அலாரப் பெட்டியை என் மேஜை மேல் வைத்தான். வட்டமாக, வெள்ளையாக, நடுவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டு, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மூடியைத் திருகிக் கழற்றினான்.

"உள்ள பாரு, மச்சான்."

உள்ளே ஒரு சின்ன பேட்டரி, விளக்குக்குப் போகும் ஒரு ஒயர். வேறு எதுவும் இல்லை. மேல் மாடியில் 'வெளியேறும் வழி' பலகை மாட்டும்போது தோள் இடித்துக் கீழே விழுந்ததாம். எடுத்துப் பார்த்தால் வெறும் கூடு. சந்தேகத்தில் மற்றவற்றையும் கழற்றிப் பார்த்திருக்கிறான். எல்லாம் ஒரே ஜாதகம்தான்.

"நீயே அக்காகிட்ட சொல்லிடு. நான் போய்ச் சொன்னா வேற மாதிரி ஆயிடும். எனக்குப் பேரு வேணாம். மாத்திட்டா போதும்" என்றான். என் தட்டிலிருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். அந்த அளவுக்கு என்னை நம்பினான் என்று சொல்ல வருகிறேன்.

அன்று சாயங்காலமே அக்காவிடம் பெட்டியைக் காட்டினேன். அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொண்டுவந்தது யார் என்றார். சொன்னேன்.

"நம்ம ஆளா?"

"இல்லக்கா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு, "அப்ப நம்ம ஜனங்க மேல அவனுக்கு என்ன திடீர் அக்கறை?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அக்கா யாரையும் எதையும் செய் என்று ஏவியதில்லை, சார். கேள்வி கேட்பார். கணக்கு டீச்சர் இல்லையா, விடையை நம்மையே போட வைப்பார்.

நெட்டையனிடம் கொஞ்சம் பொறு என்றேன். பொறுத்தான். கேன்டீனில் பார்க்கும்போதெல்லாம் என்னாச்சு மச்சான் என்பான். ஆயிட்டிருக்கு என்பேன், கண் இமைக்காமல். கடைசியில் ஒரு நாள் மன்றக் கூட்டத்தில், பொதுமக்களும் பத்திரிகைக்காரர்களும் உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று அந்தப் பெட்டியைத் தூக்கிக் காட்டிவிட்டான். அவன் உயரத்துக்கு, பின் வரிசைக்கும் நன்றாகத் தெரிந்திருக்கும். மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது: 'அக்காவின் தம்பிக்கு அலாரம்'.

என் முதுகில் குத்திவிட்டான் என்றுதான் அப்போது தோன்றியது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மனது கொதித்தது. முந்தின நாள் அவன் நாலைந்து முறை போன் செய்திருந்தான், நான் எடுக்கவில்லை. இருந்தாலும் நேரில் வந்து சொல்லியிருக்கலாம் அல்லவா. ஒன்று யோசித்துப் பாருங்கள். அக்கா விழுந்தால் அக்கா மட்டும் விழமாட்டார். எங்களில் இன்னொருவர் எழுந்து நிற்க இன்னும் ஒரு தலைமுறை ஆகும். அவர்களில் ஒருவன் தம்பிக்கு டெண்டர் கொடுத்தால், அவன் ஒரு திருட்டுப்பயல், கதை அத்தோடு முடிந்தது. எங்களில் ஒருவர் கொடுத்தால் நாங்கள் எல்லோருமே திருட்டுக் கூட்டம். நெட்டையனுக்கு உண்மை பேசுவது சுலபம், சார். உண்மை பேசியதால் அவன் ஜனங்களுக்கு எந்தக் கேடும் வராது. இதில் நான் சொல்வது தப்பு என்று உங்களால் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதினேன். ராத்திரியில் எழுதினால்தான் ஆபத்து. பழைய பெயின்ட் கறை படிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் போனேன். ஏணியோடு நிற்கிறவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் நிறத்தில் ஒருவன் ஏணியோடு நின்றால் அவனும் ஏணியும் ஒன்றுதான். கன்னாபின்னாவென்று கிறுக்கிவிட்டு வந்திருக்க வேண்டும். தெரியும். ஆனால் கை கேட்கவில்லை. முதலில் அடிக்கோடு போட்டேன். நூலில் நீலப்பொடி தடவி, இரு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் கோடு விழும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மறுமுனையைப் பிடிக்க நெட்டையன் இல்லையே என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டேன். பிறகு டேப் போட்டு ஒட்டினேன்.

அப்புறம் நடு எழுத்து. எங்கள் முதலாளி சொல்லிக்கொடுத்த முறை அதுதான். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே போக வேண்டும், அப்போதுதான் ஓரங்களில் சமமாக இடம் நிற்கும். நடுவில் சில எழுத்துகள் மட்டும் இருந்தபோது ஒரு போலீஸ்காரர் வந்தார். நடைபாதையில் ஆட்கள் போக வேண்டும், ஏணியை ஓரமாகப் போடுங்கள் என்றார். போட்டேன். அரைகுறையாக இருந்ததால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் போன பிறகு மருந்துக்கடைக்காரரின் வார்த்தையை முடித்தேன். அதற்குக் கீழே, உங்கள் ஊருக்கே ஓடுங்கள் என்று இன்னொரு வரி. அடிக்கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தேன்.

திங்கட்கிழமை அந்த ஷட்டருக்கு முன்னால் நின்று அக்கா பேட்டி கொடுத்தார். பேச்சு நான் எழுதியது. நெட்டையன் பெயரை அவர் சொல்லவே இல்லை. 'முதலில் ஒரு குற்றச்சாட்டு வந்தது. அதன் பின்னாலேயே இது வந்தது. இரண்டையும் நீங்களே சேர்த்துப் பாருங்கள்' என்றார். சேர்த்துப் பார்க்கச் சொன்னால் எல்லோரும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அலாரம் டெண்டரைப் பற்றி ஒரு நிருபர் கேட்டார். 'என் தோல் வேறு நிறத்தில் இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்களா?' என்றார் அக்கா. அதுவும் என் வாக்கியம்தான். அந்த நிருபர் பாவம், நல்ல மனிதர், தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அலாரத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் தங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம். எங்கள் ஆட்கள் ஊர்வலம் போனார்கள். என் மனைவியும் போனாள். நெட்டையனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அக்காவிடம் நான்தான் எழுதினேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் அன்று காரில் ஏறும்போது என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

நெட்டையன் என் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை வந்தான். என் மனைவி கதவைத் திறந்து அவனைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அவன் வாசற்படியிலேயே நின்றான்.

"நடுவுல இருந்து ஆரம்பிச்சிருக்க" என்றான்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"கோவத்துல எழுதுறவன் ஓரத்துல இருந்து எழுதுவான், மச்சான். கடைசியில இடம் பத்தாது. நீ ரெண்டு பக்கமும் சமமா விட்டிருக்க. கீழ நீலக் கோடு வேற லேசாத் தெரியுது. முதலாளி பார்த்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்."

குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் முகத்தில் இருந்தது வேறு. நாய் வளர்த்திருக்கிறீர்களா, சார்? கையில் கம்பை எடுத்தாலும் அது ஓடாமல் நம் முகத்தையே பார்க்குமே, அது.

"யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீயே ஒரு நாள் சொல்லுவ. என் பேரு கெட்டது கெட்டதாவே இருக்கட்டும். அந்த அலாரத்த மட்டும் மாத்தச் சொல்லு. அங்க இருக்கிறதெல்லாம் உன் ஜனங்கடா."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கத்தான் நினைத்தேன். ஆனால் அலாரத்தை மாற்றினால், அது வெறும் கூடு என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். விவகாரம் அடங்கட்டும், அடுத்த தேர்தல் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். உங்கள் அலுவலகத்தில் மட்டும் என்ன, அப்படித்தானே நடக்கும்.

அவன் சும்மா இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும். இருக்கவில்லை. தினமும் மத்தியானம், அந்தப் பெட்டி விழுந்த குடியிருப்புக்குப் போய், கீழிருந்து மேல் மாடி வரை படியேறி இறங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மாடியிலும் நின்று மோந்து பார்ப்பான், ஒயர் போகும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான், அடுத்த மாடிக்குப் போவான். குடியிருந்தவர்களுக்குப் பயமாக இருந்தது. இவர்கள் கண்ணில் அவன் யார்? ஷட்டரில் அப்படி எழுதின ஆள். மேல் மாடியில் தையல்கார அத்தை இருந்தார். எங்கள் கட்சிக் கொடியெல்லாம் தைத்துத் தருபவர், என்னைத் தம்பி என்பார். வாய்த்துடுக்கு அதிகம். "அலாரத்துக்குப் பதிலா ஆள் வச்சிருக்காங்களோன்னு நெனச்சேன் தம்பி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்கு வேறு பயம். அவன் அத்தனை வீட்டுக் கதவையும் தட்டி, அலாரத்தைக் கழற்றிக் காட்ட ஆரம்பித்தால்? யாராவது ஒருவர் அவனை நம்பிவிட்டால்? குடியிருப்பில் ஒரு கூட்டம் போட்டேன். அவனைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர், இங்கே அவருக்கு எந்த வேலையும் இல்லை, ஏன் வருகிறார் என்று தெரியாது, வந்தால் கதவைத் திறக்காதீர்கள், உடனே எனக்குப் போன் செய்யுங்கள் என்றேன். என் நம்பரைக் கீழ்த்தளத்தில் ஒரு பலகையில் பெரிதாக எழுதி மாட்டினேன். நன்றாக வந்திருந்தது.

இடையில் ஒன்று நடந்தது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் எங்கள் பெண் ஒருத்தியை பஸ்ஸில் ஒருவன் அந்த வார்த்தையைச் சொல்லிக் கீழே தள்ளிவிட்டான். முழங்கை உடைந்துவிட்டது. பத்திரிகைக்குப் போன் செய்தேன். அந்தப் பழைய நிருபர்தான் எடுத்தார். இதுவும் டெண்டர் சம்பந்தப்பட்டதா என்று கேட்டார். எவ்வளவு இளக்காரம் பாருங்கள். எங்கள் வலியை யாருமே நம்புவதில்லை என்று எனக்கு மனது விட்டுப்போயிற்று.

பிறகு அந்த மத்தியானம். கீழ்த்தளத்தில் மீட்டர் அறையில் பற்றியிருக்கிறது. புகை படிக்கட்டு வழியாக ஏறியிருக்கிறது. ஓர் அலாரமும் அலறவில்லை, எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்ததாம். கீழ் மாடிக்காரர்கள் புகையைக் கண்ணால் பார்த்து ஓடி வந்துவிட்டார்கள். மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது. நெட்டையன் உள்ளே இருந்தான். எல்லோரும் கீழே ஓடிக்கொண்டிருக்க அவன் மட்டும் மேலே ஓடியிருக்கிறான், கதவு கதவாக இடித்துக்கொண்டு. சிலர் திறந்தார்கள். அவன் கத்தியதை நம்பியல்ல, கதவிடுக்கில் புகை வந்ததால். மேல் மாடிக்குப் புகை வருவதற்குள் அவன் அங்கே ஏறிவிட்டான். அங்கே அத்தை கதவைத் திறக்கவில்லை. எழுந்து நடக்க முடியாத அவர் புருஷனும் உள்ளே இருந்தார். இரண்டு பேரும் போய்விட்டார்கள். தீ மேலே வந்த பிறகும் கதவை உடைக்கப் பார்த்ததில்தான் நெட்டையனுக்குக் கை இரண்டும் வெந்துபோயின. இனி பிரஷ் பிடிக்க முடியாது என்கிறார்கள்.

சின்னவர் கம்பி நீட்டிவிட்டார். அக்கா மறுபடி பேட்டி கொடுத்தார். அலாரத்தைப் பற்றிக் கேட்டார்கள். 'எங்கள் மக்கள் செத்துக் கிடக்கும்போது எங்கள் மேலேயே பழி போடுவதற்குப் பெயர் என்ன என்று நீங்களே சொல்லுங்கள்' என்றார். நான் முன்பே எழுதி வைத்திருந்த வாக்கியம்தான், வேறு ஏதோ சந்தர்ப்பத்துக்காக. பிறகு என் நம்பர் எழுதின பலகையைப் பற்றிக் கேட்டார்கள். 'அவரா? ஒரு காலத்தில் எங்களுக்கு போர்டு எழுதிக்கொடுத்தவர். அவர் தன்னிச்சையாகச் செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?' என்றார்.

போர்டு எழுதிக்கொடுத்தவர். தார் மேல் மறுபடி மறுபடி வெள்ளையடித்து அவர் பெயரை எழுதிய கை இது. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்களே, அது எப்படி இருக்கும் என்று டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தெரிந்தது. இன்று நானாக உங்களைத் தேடி வந்ததற்கு அதுதான் காரணம். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஒருவர் தன்னை முழுசாக நம்பியவனுக்கு இப்படிச் செய்யலாமா, சார்? அதைத்தான் நான் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றிருக்கிறேன்.

அத்தை ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள். அந்த நேரத்தில் என் போனுக்கு ஓர் அழைப்பு வந்திருப்பது உங்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். அத்தை என் பேச்சைத் தட்டாதவர். சொன்னபடி எனக்குப் போன் செய்தார். அவன் வந்து கதவை இடிக்கிறான், என்ன செய்யட்டும் தம்பி என்றார். திறக்காதீர்கள் என்றேன். தீ என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ சூழ்ச்சி, அலாரம் விஷயத்தைக் கிளப்ப நாடகம் போடுகிறான் என்று நினைத்தேன். வக்கீலிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். என் மனைவியிடமும். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

போனில் அத்தைக்குப் பின்னால் கதவு இடிபடும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் அவன் குரல். எங்கள் பாஷையில் கத்திக்கொண்டிருந்தான், நான் சொல்லிக்கொடுத்த அதே உச்சரிப்பில். கதவத் திறங்க, தீ, கதவத் திறங்க.

"தீங்கிறானே தம்பி. நெசமா, பொய் சொல்றானா?" என்று அத்தை கேட்டார்.

ஒரு நிமிஷம் இருங்கள் என்றேன். போனைக் காதோடு அழுத்தி வைத்துக் கவனமாகக் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"பொய்தான் அத்தை. திறக்காதீங்க" என்றேன்.